திடலின் நடுவே ஒரு கோடு: இரண்டு புதிய பயிற்றுநர்கள், எண்பது ஆண்டு வரலாறு



புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு தாள்கள் கைக்கு வரும். ஒன்று பாட அட்டவணை. மற்றொன்று புறப்பாடப் பொறுப்புப் பட்டியல். அந்தப் பட்டியலில் நம் பெயருக்கு நேரே ஏதாவது ஒரு விளையாட்டு எழுதியிருக்கும். நமக்கு அது தெரியுமா, தெரியாதா என்று யாரும் கேட்பதில்லை. ஜோகூரில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குத் தமிழ் போதிக்கப் போன எனக்கு வந்தது பெண்கள் வலைப்பந்து. நம்ம பிள்ளைகள் வாயில் 'போலா ஜாரிங்'. சட்டப் புத்தகத்தை இரவில் படித்துவிட்டு மாலையில் விசிலோடு திடலுக்குப் போன காலம் அது.

இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, படிவம் இரண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அந்தப் பக்கம் பையன்ங்க கூடைப்பந்துல பந்தத் தட்டிக்கிட்டே ஓடுறாங்க. நாங்க மட்டும் ஏன் பிடிச்ச இடத்துலேயே நிக்கணும்? ஏன் இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது?"

"சட்டம் அப்படித்தாம்மா" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் போனால் அது 1892ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் போய் நிற்கிறது. அங்கேயும் ஒரு புதிய ஆசிரியை, அங்கேயும் விளையாட்டைப் பற்றி அதிகம் தெரியாத நிலை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாற்றுப் பாடத்தில் 'காரணம் – விளைவு' என்று நாம் கற்பிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

1. பீச் பழக்கூடையும் பகலுணவு நேர ஆசிரியைகளும்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் குளிர்காலத்தில் கூடத்துக்குள்ளே ஆடுவதற்கு ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். கால்பந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். பதின்மூன்று சட்டங்களை எழுதிச் சுவரில் ஒட்டினார். அவர் வகுப்பில் இருந்த பதினெட்டு ஆண்கள் அணிக்கு ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினார்கள். கூடைப்பந்து பிறந்தது இப்படித்தான்.

இங்கே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதின்மூன்று சட்டங்களில் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது என்ற வழக்கமே அப்போது கிடையாது. என் மாணவி கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. அவளை நிற்கச் சொல்லும் சட்டம் முதலில் பெண்களுக்காக எழுதப்பட்டதல்ல, ஆண்களுக்காக எழுதப்பட்டது. பிற்பாடு ஆண்கள் அதைத் தளர்த்திக்கொண்டார்கள்.

இந்த ஆட்டத்தை முதலில் ஆட ஆசைப்பட்ட பெண்கள் யார் தெரியுமா? நம்மைப்போல் ஆசிரியைகள்தாம். பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சிலர் பகலுணவு நேரத்தில் அந்தக் கூடத்தைக் கடந்து போகும்போது உள்ளே கேட்ட ஆரவாரத்தால் எட்டிப் பார்த்தார்கள். நாங்களும் ஆடலாமா என்று நெய்ஸ்மித்திடம் கேட்டார்கள். ஆடினார்கள். ஆரம்ப காலத்தில் ஆடிய பெண்களில் ஒருவரான மாட் ஷெர்மன் பின்னாளில் நெய்ஸ்மித்தின் மனைவியானார்.

2. ஸ்மித் கல்லூரிக்கு வந்த புதிய ஆசிரியை

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் நார்தாம்ப்டன் என்ற ஊர். அங்கே பெண்களுக்கான ஸ்மித் கல்லூரி இருக்கிறது. 1892 ஜனவரியில் அங்கே உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தவர் செண்டா பெரன்சன். அப்போது அவருக்கு வயது 23.

அவர் வந்த வழியைப் பாருங்கள். இன்றைய லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் 1868இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் பாஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயதிலிருந்தே நோஞ்சான் உடம்பு. இசை படிக்கப் போனவர், முதுகுவலியால் பியானோ முன் உட்கார முடியாமல் படிப்பை விட்டார். உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காக 1890இல் பாஸ்டன் உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். ஆரம்பத்தில் அந்தப் பயிற்சிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. உடம்பு தேறத் தேற, பிடிப்பு வந்தது. ஆக, விளையாட்டு வீராங்கனையாக இருந்து ஆசிரியையானவர் அல்ல இவர். நோயாளியாக இருந்து ஆசிரியையானவர்.

அந்தக் காலத்துச் சூழலையும் சொல்ல வேண்டும். பெண்கள் உயர்கல்வி கற்றால் உடல்நலம் கெடும், பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று எட்வர்ட் கிளார்க் என்ற பாஸ்டன் மருத்துவர் 1873இல் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். படித்தவர்களும் அதை நம்பினார்கள். ஆகவே பெண்கள் கல்லூரிகளுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. எங்கள் மாணவிகள் படித்தும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். உடற்பயிற்சி வகுப்பு கட்டாயமானதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்கும் பயிற்சிகளில் மாணவிகளுக்குச் சலிப்பு. பெரன்சன் நெய்ஸ்மித்தின் கட்டுரையைப் படித்துவிட்டு, இதைச் செய்து பார்ப்போமே என்று முடிவெடுத்தார்.

முதலாமாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதிய ஆட்டம் 1893 மார்ச் 22இல் நடந்தது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் ஆட்டம் என்று வரலாறு குறிப்பது இதைத்தான். ஆண்களுக்கு அனுமதி இல்லை. மேல்மாடம் முழுக்க மாணவிகள், தங்கள் ஆண்டுக்குரிய வண்ணத்தை அணிந்துகொண்டு நின்றார்கள். ஆடியவர்கள் தொளதொளவென்ற கால்சட்டையும் நீண்ட காலுறையும் அணிந்திருந்தார்கள்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கப் பெரன்சன் பந்தை மேலே எறிந்தார். பந்து முதலாமாண்டு அணியின் நடு ஆட்டக்காரி தூக்கிய கையில் பட்டு, அவள் தோள்மூட்டு விலகிவிட்டது. ஆட்டம் தொடங்கிய முதல் நொடி! நம்மில் யாராக இருந்தாலும் அன்றோடு கூடத்தைப் பூட்டியிருப்போம். அவர்கள் அவளை அறைக்குள் அழைத்துப் போய் மூட்டைச் சரிசெய்தார்கள். வேறொருத்தியை நிறுத்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாமாண்டு அணி 5–4 என்று வென்றது.

3. கோடு வரையப்பட்ட காரணம்

மாணவிகளுக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. அதுதான் பெரன்சனுக்குக் கவலையும் தந்தது. நெய்ஸ்மித் சட்டத்தை அப்படியே பின்பற்றினால் தள்ளுமுள்ளு, பந்துப் பறிப்பு, காயம் எல்லாம் வரும். ஒரு தோள்மூட்டு ஏற்கெனவே விலகியாயிற்று. இன்னும் இரண்டு பேருக்கு அடிபட்டால், 'பார்த்தீர்களா, பெண்களுக்கு இது ஒத்துவராது' என்று சொல்ல ஊரே காத்திருந்தது. இன்னொன்றையும் அவர் கவனித்தார். கெட்டிக்காரி ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போனால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அவர் செய்த மாற்றங்கள் இவை:

• திடல் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆட்டக்காரியும் தன் பகுதியைத் தாண்டக் கூடாது.
• எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது.
• பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.
• மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது.

வலைப்பந்து தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலைப் படிக்கும்போதே ஒரு பொறி தட்டும். மூன்று பகுதி, மூன்று விநாடி – நம்ம பள்ளித் திடலில் இன்றைக்கும் இருப்பவைதாமே!

1899இல் பெண்கள் கூடைப்பந்துக்கான சட்டக் குழு அமைந்தது. 1901இல் பெரன்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சட்டக் கையேடு வெளிவந்தது. அதில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: பெண்களுக்குப் புதிய தொழில்களின் கதவுகள் திறக்கின்றன, அதற்கு உடல் வலிமையும் துணிவும் தன்னம்பிக்கையும் வேண்டும், இந்த ஆட்டம் அவற்றைத் தரும். ஆகவே அவரைப் பிற்போக்குவாதி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. பெண்களை ஆட வைப்பதற்காகவே அந்தக் கோட்டைப் போட்டார். கோடு இல்லாவிட்டால் கல்லூரி நிருவாகமும் பெற்றோரும் ஆட்டத்தையே நிறுத்தியிருக்கக் கூடும்.

தேர்வு மாணவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். ஒருவர் எடுத்த முடிவை இன்றைய அளவுகோலால் மட்டும் அளக்கக் கூடாது. அவர் முன் இருந்த தெரிவுகள் என்னென்ன என்று முதலில் கேட்க வேண்டும். அப்புறம்தான் தீர்ப்பு.

வெளிக் கல்லூரிகளோடு போட்டி போடுவதையும் பெரன்சன் விரும்பவில்லை. ஆனால் அதே நேரத்தில் அமெரிக்காவின் மறுகோடியில் போட்டி தொடங்கிவிட்டது. 1896 ஏப்ரல் 4இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்ட் அணியும் பெர்க்லி அணியும் மோதின. ஸ்டான்ஃபோர்ட் 2–1 என்று வென்றது. பார்வையாளர்கள் எல்லாரும் பெண்கள்.

4. கோடு கடல் தாண்டியது

ஆட்டம் இங்கிலாந்துக்குப் போன கதை தனிக்கதை. சுவீடனில் பிறந்த மார்ட்டினா பெர்க்மன்-ஆஸ்டர்பெர்க் என்ற அம்மையார் இங்கிலாந்தில் பெண்களுக்கான உடற்கல்விக் கல்லூரி நடத்தி வந்தார். 1893இல் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அங்கே கூடைப்பந்தைக் கற்றுக்கொடுத்தார். 1895இல் கல்லூரி டார்ட்ஃபோர்டுக்கு இடம் மாறியபின் மாணவிகள் புல்வெளியில் ஆடினார்கள். கூடைக்குப் பதிலாக வளையம் வந்தது. திடல் மூன்றாகப் பிரிந்தது. 1901இல் இங்கிலாந்துக்கெனத் தனிச் சட்டப் புத்தகம் வந்தது. அந்தக் கல்லூரியில் பயின்ற ஆசிரியைகள் பேரரசின் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்கள் போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் வலைப்பந்தும், அமெரிக்கச் செல்வாக்கு இருந்த நாடுகளில் கூடைப்பந்தும் பெண்களின் ஆட்டமாக நிலைத்தது தற்செயல் இல்லை. மலாயா முதல் வகையைச் சேர்ந்தது.

பெயர்க்குழப்பமும் சுவையானது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இந்த ஆட்டத்துக்கு 'பெண்கள் கூடைப்பந்து' என்றே பெயர். அதன்பிறகுதான் வலைப்பந்து ஆயிற்று. நாட்டுக்கு நாடு மாறுபட்ட சட்டங்களை ஒன்றாக்கி அனைத்துலகக் கூட்டமைப்பை உருவாக்க நாடுகள் கூடிய இடம் இலங்கை, ஆண்டு 1960. முதல் உலகப் போட்டி 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்தது. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டுப் பெண்கள் வலைப்பந்தில் தங்கம் வென்றது பலருக்கு நினைவிருக்கும்.

5. பாதுகாப்புச் சுவரான கோடு

அமெரிக்காவில் என்ன நடந்தது? தற்காலிகமாகப் போட்ட கோடு நிரந்தரமானது. 1923இல் ஹூவர் அம்மையார் தலைமையில் உருவான பெண்கள் விளையாட்டு அமைப்பு, எல்லாப் பெண்களும் ஏதாவது ஒரு விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தை முன்வைத்தது. கூடவே, கடும்போட்டி பெண்களுக்கு வேண்டாம் என்றும் சொன்னது. பல கல்லூரிகள் வெளிப்போட்டிகளை நிறுத்திவிட்டுக் கலந்து பழகும் விளையாட்டு நாள்களை மட்டும் நடத்தின. மூன்று பகுதியாக இருந்த திடல் 1938இல் இரண்டானது. அணிக்கு ஆறு பேர்: மூவர் கோல் போட, மூவர் தடுக்க. தடுப்பாட்டக்காரி ஒருத்தி பள்ளி வாழ்க்கை முழுதும் ஆடிவிட்டு ஒரு கோல்கூட அடிக்க முயலாமல் போகலாம்!

அன்றைக்கு ஆட்டத்தைக் காப்பாற்றிய கோடு, இப்போது ஆட்டக்காரியை மறித்தது. யாரும் தீய எண்ணத்தோடு செய்ததில்லை. யாரும் மறுபடி எடுத்துப் பார்க்காததால் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஐவர் அணியும் முழுத்திடல் ஆட்டமும் பெண்களுக்கு அதிகாரப்பூர்வமானது 1971இல்தான். பெரன்சன் காலத்திலிருந்து கிட்டத்தட்ட எண்பது ஆண்டு! அயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரை நீடித்தது.

6. கோடு அழிந்த பருவம்: இமாகுலாட்டா, 1971–72

இப்போது இரண்டாவது புதிய பயிற்றுநரிடம் வருவோம்.

பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகருக்கு அருகே இமாகுலாட்டா கல்லூரி. கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய சிறிய பெண்கள் கல்லூரி. 1970இல் கூடைப்பந்துப் பயிற்றுநராக கேத்தி ரஷ் சேர்ந்தார். வயது 22. ஒரு பருவத்துக்குச் சம்பளம் 450 டாலர். கல்லூரிக்குச் சொந்த விளையாட்டுக்கூடம்கூட இல்லை. 1967இல் தீயில் எரிந்துபோயிருந்தது. பயிற்சிக்குக் கன்னியர் மடத்துக் கூடத்தைப் பயன்படுத்தினார்கள். சீருடை கம்பளித் துணியில் தைத்த கனமான பாவாடைச் சட்டை.

அணியின் தூண் தெரேசா ஷாங்க் என்ற மாணவி. அவர் வேறு கல்லூரிக்குப் போக வேண்டியவர். குடும்ப வீடு தீயில் எரிந்ததால் வெளியூர் போகாமல் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இந்தக் கல்லூரியில் சேர்ந்தார். எரிந்த கூடம், எரிந்த வீடு – இரண்டும் சேர்ந்து ஓர் அணியை உருவாக்கின என்று சொன்னால் மிகையில்லை.

ரஷ்ஷின் கணவர் தொழில்முறைக் கூடைப்பந்து நடுவர். ஆண்கள் ஆட்டத்தின் வேகமும் திட்டமிட்ட தடுப்பும் ரஷ்ஷுக்கு அத்துப்படி. கோடு அழிந்த புதிய சட்டத்தில் எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஓடலாம், எல்லாரும் கோல் போடலாம். அதற்கு ஏற்ற ஓட்டத்தையும் ஒழுங்கையும் அவர் சொல்லிக்கொடுத்தார். மடத்துச் சகோதரிகள் ஆட்டத்துக்கு வந்து வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அந்த வாளிகள் ஆட்டக்காரி ரெனே மூத்தின் தந்தை நடத்திய இரும்புச் சாமான் கடையிலிருந்து வந்தவை.

1971–72 பருவத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் வெற்றி. ஆனால் வட்டார இறுதியாட்டத்தில் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியிடம் 70–38 என்று தோற்றார்கள். 32 புள்ளி வித்தியாசம்! வெஸ்ட் செஸ்டர் அருகிலேயே இருக்கும் கல்லூரி. ரஷ் பட்டம் பெற்றதும் அங்கேதான். தோற்றாலும் தேசியப் போட்டிக்கு இடம் கிடைத்தது. பெண்கள் கல்லூரி விளையாட்டுக்கான புதிய தேசியச் சங்கம் நடத்திய முதல் வாகையர் போட்டி அது. இடம் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊர். பதினாறு அணிகளில் இமாகுலாட்டாவுக்குக் கொடுத்த தரம் பதினைந்து.

போவதற்குப் பணம்? மாணவிகள் பல்துலக்கி விற்றார்கள். சேர்ந்த பணத்தில் எல்லாருக்கும் விமானச் சீட்டு வாங்க முடியவில்லை. அணியில் பதினொருவர், போனவர்கள் எட்டுப் பேர். மூவர் வீட்டிலேயே நின்றார்கள். வட்டாரப் போட்டிக்கு வேன் கிடைக்காமல் சேமநிலை ஆட்டக்காரிகளை விட்டுவிட்டுப் போன அனுபவம் நம்மில் சிலருக்கு உண்டு. அந்த மூவரின் முகத்தை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

போன எட்டுப் பேரும் மூன்று ஆட்டங்களை வரிசையாக வென்றார்கள். 1972 மார்ச் 19இல் இறுதியாட்டம். எதிரே அதே வெஸ்ட் செஸ்டர். சில நாள்களுக்குமுன் 32 புள்ளியில் வீழ்த்திய அணி. இம்முறை இமாகுலாட்டா 52–48 என்று வென்றது. முதல் தேசிய வாகையர்!

மூன்று மாதம் கழித்து, 1972 ஜூன் 23இல், அமெரிக்க அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்ற சட்டம் கையொப்பமானது. 'டைட்டில் நைன்' என்று அதைச் சொல்வார்கள். இமாகுலாட்டா 1973, 1974 ஆண்டுகளிலும் வாகை சூடியது. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் அவர்கள் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 12,000 பேர் கூடினார்கள்.

ஆனால் கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. புதிய சட்டத்தால் பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் உதவிச் சம்பளமும் நல்ல கூடமும் கொடுக்கத் தொடங்கின. பல்துலக்கி விற்று வந்த சின்னக் கல்லூரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1975, 1976 இறுதியாட்டங்களில் இமாகுலாட்டா தோற்றது. ரஷ் ஏழு ஆண்டில் 149 வெற்றி, 15 தோல்வி என்ற கணக்கோடு விலகினார். கதவைத் திறந்துவிட்டவர்களே அந்தக் கதவுக்குள் வந்த கூட்டத்தில் பின்தங்கிப்போனார்கள். 'விளைவு' என்பது எப்போதும் ஒரே திசையில் போகாது என்பதற்கு இது சான்று.

7. ஒரு மரம், இரண்டு கிளை, நம் பெண்கள்

ஒரே பழக்கூடையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளிலும் தமிழ்ப் பெண்கள் உச்சிக்கு ஏறியிருக்கிறார்கள். மாணவர்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டாக எழுதத் தக்கவர்கள் இவர்கள்.

கூடைப்பந்துக் கிளையில் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. இந்திய அணியின் தலைவியாக இருந்தவர். ஒன்பது ஆசிய வாகையர் போட்டிகளில் தொடர்ந்து ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வலைப்பந்துக் கிளையில் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம். 208 சென்டிமீட்டர் உயரம். நம் ஊர்ப் பக்கம் இப்படி உயரமாக வளர்ந்த பெண்ணைப் பார்த்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த உயரத்தையே பலமாக்கிக்கொண்டு இலங்கை அணியின் முதன்மைக் கோல் ஆட்டக்காரியானார். 2018இல் இலங்கை ஆசிய வாகையர் ஆனது, இங்கே கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில்தான். இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69–50 என்று வென்றார்கள்.

8. நம் கையில் உள்ள சுண்ணாம்பு

இதையெல்லாம் ஆசிரியர்களுக்கு ஏன் சொல்கிறேன்? நாமும் கோடு போடுகிறவர்கள்தாம். 'தேர்வு ஆண்டில் விளையாட்டு வேண்டாம்', 'பெண் பிள்ளைகள் மாலையில் தங்க வேண்டாம்', 'குண்டாக இருக்கிறவளைக் கோல் காவலுக்குப் போடு' – இவையும் கோடுகள். சிலவற்றுக்குச் சரியான காரணம் இருக்கும். தோட்டப்புறத்துக்குக் கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு என்றால், ஐந்தரைக்குப் பயிற்சியை முடிக்கத்தான் வேண்டும். அது பொறுப்பு. ஆனால் பேருந்து நேரம் மாறிய பிறகும் அதே விதி இருந்தால் அது வெறும் பழக்கம்.

பெரன்சனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, பிள்ளைகளை ஆட வைக்கத் தேவையானால் தயங்காமல் கோடு போடு என்பது. ரஷ்ஷிடமிருந்து எடுத்துக்கொண்டது, கோடு அழிந்தால் அந்த முழுத்திடலையும் ஓடக் கற்றுக்கொடு என்பது. இரண்டும் ஆசிரியர் வேலைதான்.

பெரன்சன் 1954இல் காலமானார். 1985இல் நெய்ஸ்மித் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பெண்களில் அவர் ஒருவர். ரஷ் 2008இலும் இமாகுலாட்டா அணி 2014இலும் அதே மண்டபத்தில் இடம்பெற்றார்கள். கோடு போட்டவருக்கும், கோடு அழிந்தபின் ஓடியவர்களுக்கும் அங்கே ஒரே கூரை.

என் மாணவிக்கு அடுத்த பயிற்சியில் பதில் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ஒருநாள் கோடு இல்லாம ஆடலாமா டீச்சர்?" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசிப் பத்து நிமிடம் கோடு கிடையாது. தட்டிக்கொண்டு ஓடலாம், யாரும் கோல் போடலாம். கோல் காவலுக்கு நிற்கும் பிள்ளைகள்தாம் அந்தப் பத்து நிமிடத்துக்கு முதலில் ஓடி வருகிறார்கள்.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கு

காலவரிசை
1891 – நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்குதல்
1893 – ஸ்மித் கல்லூரியில் முதல் ஆட்டம். ஆட்டம் இங்கிலாந்து சேர்தல்
1901 – அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெண்களுக்கான சட்டப் புத்தகங்கள்
1938 – அமெரிக்காவில் திடல் இரு பகுதியாதல்
1960 – இலங்கையில் வலைப்பந்து நாடுகளின் கூட்டம்
1971 – அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களுக்கு முழுத்திடல் ஆட்டம்
1972 – இமாகுலாட்டாவின் வெற்றி. பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம்

சிந்தனை வினாக்கள்
1. பெரன்சன் சட்டங்களை மாற்றியதற்கான மூன்று காரணங்களைக் கட்டுரையிலிருந்து எடுத்து எழுதுக.
2. 'பாதுகாப்புக்காகப் போடும் விதி காலப்போக்கில் தடையாகலாம்.' ஒரு விளையாட்டு எடுத்துக்காட்டையும் உன் பள்ளி வாழ்வின் எடுத்துக்காட்டையும் காட்டி விளக்குக.
3. 1972ஆம் ஆண்டுச் சட்டம் இமாகுலாட்டா போன்ற சிறிய கல்லூரிகளுக்கு நன்மையா, தீமையா? இரு பக்கமும் நின்று வாதிடுக.
4. தேர்வு ஆண்டு மாணவிகள் விளையாட்டைத் தொடர வேண்டுமா? வாதக் கட்டுரை ஒன்று எழுதுக.